ஒரே ஒரு கத்தி: எதைத் தெரிவு செய்வோம்?

புறப்பட ஐந்து நிமிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டியாயிற்று. காணி உறுதியும் அடையாள அட்டைகளும் மடியில் இருக்கின்றன. ஒரு பானை, ஒரு சாக்கு அரிசி, ஒரு தறப்பாள் கட்டியாயிற்று. சைக்கிள் கரியரில் இன்னும் ஒரு சாமானுக்கு மட்டும் இடம் உண்டு. சுவரோரம் கோடாலி சாய்ந்திருக்கிறது. கூரையில் காட்டுக்கத்தி செருகியிருக்கிறது. குசினியில் மீன் வெட்டும் கத்தி கிடக்கிறது. எதை எடுப்பீர்கள்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு ஓரிரவில் இறங்கியவர்களும், 2008இலும் 2009இலும் வன்னிக்குள் ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி நகர்ந்தவர்களும் இந்தக் கேள்விக்கு ஓட்டத்தின் நடுவே விடை சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் காடு பற்றிய காணிக்குத் திரும்பி வந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு வெட்டுக் கருவிதான் வாங்கலாம் என்றால் எது?

நம் பெரியவர்கள் கமக்காரனின் கருவிகளை 'ஆயுதம்' என்றே சொல்வார்கள். அந்தச் சொல் நம் காதில் வேறு பொருள் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் பாடத்தில் அதன் பழைய பொருளுக்கே திரும்புவோம். குடிலும் அடுப்பும் வேலியும் எழுவதற்கு முதலில் கைக்கு வர வேண்டிய ஆயுதம் எது என்று பார்ப்போம்.

1. நாம் விட்ட பிழை

மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல முன் நம் பிழையைச் சொல்வது நேர்மை. 2010இல், மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வன்னியில் ஒரு கிராமத்துக் குடும்பங்களுக்கு நாம் கருவிப் பொதிகள் வழங்கினோம். ஒவ்வொரு பொதியிலும் ஒரு கத்தி இருந்தது. நீளமான, பளபளப்பான கத்தி. பிடிக்கு நிறம் பூசியிருந்தது. விலை மலிவு. 'நல்ல பெரிய கத்தி' என்று நாமும் மகிழ்ந்தோம்.

மூன்று கிழமைக்குப் பின் அந்தக் கிராமத்துக்குப் போனோம். முதல் வீட்டில் கத்தி பொதியில் வந்தபடியே வளையில் தொங்கியது. அந்த வீட்டின் தலைவி கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். "ஆம்பிளையளுக்கெண்டா சரி. எனக்கு நாலு வெட்டு வெட்ட மணிக்கட்டு நோகுது. பக்கத்து வளவுத் தம்பி வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். அவருடைய காணியில் பற்றை வெட்டப்படவில்லை. மழைக்கு முன் விதைக்க வேண்டிய நிலம் அப்படியே கிடந்தது.

இரண்டாம் வீட்டில் பாலைக் கட்டையில் வெட்டிய கத்தியின் வாய் தகரம் போல மடிந்திருந்தது. மூன்றாம் வீட்டில் நடந்தது இன்னும் கசப்பானது. வீசிய வேகத்தில் கத்தி பிடியை விட்டுக் கழன்று, பக்கத்தில் நின்ற பையனின் காலைக் கிழித்திருந்தது. ஏழு தையல் போட்டிருந்தார்கள்.

அந்தக் கிராமத்து முதியவர் ஒருவர் நம்மைத் தம் குடிலுக்குக் கூட்டிச் சென்றார். கூரையிலிருந்து கறுத்துப்போன, முழங்கை நீளம் கூட இல்லாத ஒரு கத்தியை எடுத்தார். "கோவிக்காதேங்கோ. நீங்கள் தந்தது பாக்கிறதுக்குக் கத்தி. இது வெட்டுறதுக்குக் கத்தி. லொறி வில்லுத் தகட்டில அடிச்சது. மூண்டு இடப்பெயர்வு கண்டிட்டுது. மூண்டு தரம் பிடி மாத்தியாச்சு. கத்தி ஒண்டுதான்."

விலையைக் கடைக்காரரிடம் கேட்ட நாம், வேலையைக் கமக்காரரிடம் கேட்கவில்லை. இந்தப் பாடத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த முதியவரைப் போன்றவர்களிடமும் ஊர்க் கொல்லர்களிடமும் பின்னர் நாம் கேட்டுக் கற்றதே.

2. வேலையிலிருந்து தொடங்குவோம்

கருவியைப் பார்த்து வேலையைத் தேடக்கூடாது. வேலையைப் பார்த்துக் கருவியைத் தேட வேண்டும். காட்டோரத்தில் வெறுங்கையோடு இறங்கிய ஒரு குடும்பத்துக்கு முதல் மாதத்தில் என்ன வெட்டு வேலைகள் வருகின்றன?

முதலாவது, நிழல். தறப்பாளை இழுத்துக் கட்டக் கவையுள்ள கப்புகள் நான்கு, வளை ஒன்று, கைமரங்கள், வரிச்சுத் தடிகள் வேண்டும். இவை பெரும்பாலும் மணிக்கட்டுப் பருமனுக்குள் அடங்கும். தொடை பருமனான மரம் எதுவும் முதற் குடிலுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, அடுப்பு. காய்ந்த விறகைத் தறிக்கவும், மழை நாளில் நனைந்த விறகைப் பிளந்து உள்ளே உலர்ந்திருக்கும் பகுதியை எடுக்கவும் வேண்டும்.

மூன்றாவது, உணவு. தேங்காய் உரித்துடைக்க, நுங்கு வெட்ட, மீன் துண்டாக்க, வள்ளிக்கிழங்கு சீவ வேண்டும்.

நான்காவது, வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் வெட்ட வேண்டும். கதியாலின் அடி நசுங்காமல் ஒரே வெட்டில் சரிவாக விழ வேண்டும். பட்டை கிழிந்து நசுங்கினால் வேர் விடுவதற்குள் அழுகிவிடும்.

ஐந்தாவது, தீவனம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குழை வெட்ட வேண்டும்.

ஆறாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மற்றக் கருவிகளைச் செய்வது. மண்வெட்டிக்குப் பிடி, கிழங்கு கிண்டக் கூர்த்தடி, முள்ளை ஒதுக்கக் கவைத்தடி, அடித்து இறுக்கக் கொட்டாப்புளி, தண்ணீர் சுமக்கத் தடி எல்லாம் மரத்தில் செய்யலாம். அவற்றைச் செய்யும் இரும்பு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஆகவே நாம் தேடுவது வெறும் வெட்டுக் கருவி அல்ல. கருவியைச் செய்யும் கருவி.

3. கோடாலியா, அரிவாளா, கத்தியா?

கோடாலி வலிமையானது. பருமனான மரத்தைத் தறிப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் வரிச்சு சீவவும், மீன் வெட்டவும், முட்பற்றை வெட்டவும் அது உதவாது. பாரம் அதிகம். பழக்கமில்லாத கைக்கு ஆபத்தானது. முதல் மாதத்தில் பெருமரம் தறிக்கும் வேலை குறைவு என்பதை மேலே பார்த்தோம். கோடாலி இரண்டாவது கருவியாக வரட்டும்.

நெல்லரியும் அரிவாள் வைக்கோலுக்கும் புல்லுக்கும் உரியது. விரற் பருமனான தடியில் வெட்டினாலே அதன் மெல்லிய வாய் கெட்டுவிடும்.

குசினிக் கத்தி சீவும், அரியும். ஓங்கி வெட்டினால் வளையும் அல்லது பிடியிலிருந்து கழலும். மடக்குக் கத்திக்கு அதன் மூட்டுத்தான் பலவீனம்.

கைவாள் நல்ல கருவி. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பாதுகாப்பானது. ஆனால் பல் மழுங்கினால் ஒவ்வொரு பல்லாகத் தீட்ட நுண்ணிய முக்கோண அரமும் பழகிய கண்ணும் வேண்டும். முள்ளையும் கொடியையும் அதனால் வெட்ட முடியாது.

எஞ்சுவது காட்டுக்கத்தி, அல்லது வீட்டு வளவுகளில் நாம் புழங்கும் கொடுவாக்கத்தி. மேற்சொன்ன ஆறு வேலைகளையும் இந்த வகைக் கத்தி செய்யும். எதிலும் முதலாம் இடம் இதற்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதிலும் கைவிடாது.

விறகு பிளக்கக் கோடாலி வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். கத்தியின் வாயை விறகின் தலையில் வைத்து, கத்தியின் முதுகில் கொட்டாப்புளியால் தட்டிப் பாருங்கள். கைப்பருமனான விறகு நாரோடு பிளந்து வரும். வீச்சு இல்லாத வேலை இது. ஒரு தாயும் செய்யலாம், முதியவரும் செய்யலாம். ஆனால் இரும்பால் தட்டக்கூடாது. மரத்தால் மட்டும் தட்ட வேண்டும். சுத்தியலால் தட்டினால் முதுகு சிதையும், வெடிப்பும் விழலாம்.

4. எங்கள் காடு கேட்கும் கத்தி

காட்டில் வாழும் மக்கள் எங்கும் தங்கள் காட்டுக்கு ஏற்ற ஒரு கத்தியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலாய் நாட்டவருக்குப் பராங், நேபாள மலைநாட்டவருக்குக் குக்ரி, சிங்களக் கிராமத்தவருக்குக் கெத்த. தென்னமெரிக்காவின் ஈரக் காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் மெல்லிய நீண்ட மச்செற்றி. அங்கே வெட்டப்படுவது பெரும்பாலும் சாறுள்ள இளந்தண்டு. ஆகவே நீளமும் வேகமும் போதும்.

நம் உலர்வலயக் காடு வேறு. பாலையும் வீரையும் முதிரையும் வைரம் பாய்ந்த மரங்கள். கீழே சூரை, நாயுண்ணி, ஈச்சை என்று முள்ளும் கட்டைத் தடியும் பின்னிய பற்றை. மெல்லிய நீண்ட கத்தி இங்கே துள்ளும், வாய் மடியும். நாம் 2010இல் கொடுத்த கத்தி அப்படிப்பட்டதே.

அப்படியானால் எப்படிப்பட்டது வேண்டும்?

நீளம்: வாய் 10 முதல் 12 அங்குலம் போதும். இதற்கு மேல் நீண்டால் பற்றைக்குள் வீச இடமிராது. குசினி வேலைக்கும் உதவாது.

தடிப்பு: முதுகு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அதைவிட மெலிந்தால் விறகு பிளக்கும்போது வளையும். மிகத் தடித்தால் வெட்டு ஆழமாக இறங்காது.

பாரம்: அரைக் கிலோவுக்கும் முக்காற் கிலோவுக்கும் இடையில். பாரம் சற்று நுனிப் பக்கம் இருந்தால் வெட்டு விழும். முழுவதும் நுனியில் இருந்தால் கை களைக்கும்.

நுனி: சற்று உள்நோக்கி வளைந்த மூக்கு நல்லது. முட்கிளையை அதனால் கொளுவி இழுத்து வெட்டலாம். வெட்டு கல்லிலோ மண்ணிலோ முதலில் முட்டுவதையும் அந்த வளைவு குறைக்கும். ஆனால் அதிகம் வளைந்தால் பலகை மேல் வைத்து அரிய முடியாது. ஒரு விரல் வளைவு போதும்.

இந்த அளவுகளை விட முக்கியமான ஓர் அளவு உண்டு. அது கை. வீட்டில் யார் அதிகம் வெட்டப் போகிறாரோ, அவர் கையில் கத்தியைக் கொடுத்துக் கையை நேரே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாக ஐம்பது வரை எண்ணுங்கள். அதற்குள் நுனி தாழத் தொடங்கினால் அந்தக் கத்தி அவருக்குப் பாரம். தந்தை வெளியே கூலி வேலைக்குப் போயிருக்கும் வீட்டில், கணவன் இல்லாத வீட்டில், கத்தியைப் பிடிப்பது தாயின் கையோ பாட்டனாரின் கையோதான். வீட்டில் வலிமை மிகுந்தவருக்கு ஏற்ற கத்தி அவர் இல்லாதபோது வளையில் தொங்கும். வலிமை குறைந்தவருக்கு ஏற்ற கத்தி எல்லார் கையிலும் வேலை செய்யும்.

5. இரும்பை அறிவது

கத்திக்கு எல்லா இரும்பும் ஆகாது. கட்டடக் கம்பியும் எண்ணெய்ப் பீப்பாத் தகரமும் மெதுவான இரும்பு. எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. லொறி, பஸ் வில்லுத் தகடு கரி சேர்ந்த உருக்கு. சரியாகக் காய்ச்சித் தோய்த்தால் வாய் நிற்கும், வளைத்தால் திரும்பி வரும். போர்க்காலத்தில் வன்னிக்கு இரும்பும் சீமெந்தும் எரிபொருளும் கொண்டுவரத் தடை இருந்த ஆண்டுகளில், பழைய வாகனங்களின் வில்லுத் தகடுதான் நம் கொல்லர்களுக்குக் கை கொடுத்தது. இன்று எவர்சில்வர்க் கத்திகள் கடையில் தொங்குகின்றன. துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் மலிவான எவர்சில்வர் கத்தி காட்டு வேலையில் விரைவில் மழுங்கும். கறுத்த உருக்குக் கத்திக்குத் துருப்பிடிக்கும். அதற்கு எண்ணெய் பூசலாம். மழுங்கும் இரும்புக்கு மருந்து இல்லை.

கொல்லர் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்ததும் அது கண்ணாடி போல் கடினமாகவும் உடையக் கூடியதாகவும் இருக்கும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுவார். இந்த இரண்டாம் சூடு கொடுக்காத கத்தி முதல் பாலைக் கட்டையிலேயே சில்லு உடையும். கத்தி அடிக்கக் கொடுக்கும்போது 'வாட்டித் தாருங்கள்' என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வாங்கும்போது நான்கு சோதனைகள்:

(அ) நூலில் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நன்று. 'டப்' என்று அடங்கினால் வெடிப்பு இருக்கலாம்.

(ஆ) வாயில் அரத்தை மெதுவாக ஓட்டுங்கள். வெண்ணெய் போல் அரம் இறங்கினால் இரும்பு மெது. அரம் வழுக்கி ஓடினால் மிகக் கடினம், உடையும். அரம் பிடித்துப் பிடித்துச் சற்று வருத்தி இறங்கினால் அதுவே சரி.

(இ) நுனியை மரத்தில் ஊன்றிச் சற்று வளையுங்கள். விட்டதும் நேராக வர வேண்டும்.

(ஈ) காய்ந்த கட்டையில் பத்து வெட்டு வெட்டி வாயைப் பாருங்கள். மடிவும் சில்லும் இல்லையென்றால் காசைக் கொடுங்கள். வெட்டிப் பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

திரும்பி வந்த குடும்பங்கள் சிலர் எரிந்த வீட்டின் சாம்பலுக்குள் தங்கள் பழைய கத்தியைக் கண்டெடுத்தார்கள். அந்தக் கத்தியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம்பி வெட்ட வேண்டாம். பெருந்தீயில் கிடந்து தானாக ஆறிய இரும்பு தன் கடினத்தை இழந்துவிடும். கொல்லரிடம் கொடுத்து மீண்டும் காய்ச்சித் தோய்த்து வாட்டினால் பழைய குணம் திரும்பும். புதுக் கத்தியின் விலையை விட இது மலிவு. இதே காரணத்தால் கத்தியால் அடுப்பைக் கிளறக்கூடாது. மின்சாணையில் பிடித்து வாய் நீலம் பாயவும் விடக்கூடாது.

6. பிடி

பையனின் காலைக் கிழித்தது கத்தியின் வாயல்ல, அதன் பிடி. அந்தக் கத்தியின் வால் பிடிக்குள் இரண்டு அங்குலமே போயிருந்தது. வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, ஆணியால் அறையப்பட்டிருக்க வேண்டும். அல்லது பிடியின் மறுமுனையில் வெளியே வந்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பக்கத்தில் இரும்புப் பூண் இருந்தால் பிடி பிளக்காது. சில கொல்லர்கள் வாலைக் குழல் போலச் சுருட்டித் தருவார்கள். அதில் எந்தத் தடியையும் சீவிச் செருகலாம். ஓடும் வழியில் பிடி உடைந்தாலும் கத்தி வீணாகாது.

பிடிக்கு நார் நேராக ஓடும், நன்கு உலர்ந்த பூவரசு போன்ற மரம் நல்லது. பச்சை மரத்தில் போட்ட பிடி உலர்ந்ததும் சுருங்கித் தளரும். தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் இறுகியது போலத் தோன்றும். அடுத்த நாள் வெயிலில் மீண்டும் தளரும். ஆப்பு இறுக்குவதே வழி. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் கத்தியைப் பிடித்து ஒரு முறை உலுக்கிப் பாருங்கள். ஆடினால் அன்று வெட்டு இல்லை.

7. கத்தியோடு அரமும்

ஒரே ஒரு கருவி என்றோம். ஆனால் அரம் இல்லாத கத்திக்கு ஆயுள் ஒரு மாதம். மழுங்கிய கத்தி கூரிய கத்தியை விட ஆபத்தானது. அதற்கு அதிக பலம் வேண்டும், அது வழுக்கும், எங்கு போய் விழும் என்று தெரியாது.

8 அங்குலத் தட்டை அரம் ஒன்று போதும். கத்தியைக் கட்டையில் இறுக்கி வைத்து, அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பும்போது தூக்கி எடுங்கள். இழுத்து உரசினால் அரத்தின் பல் போய்விடும். வாயின் சரிவு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை இருக்கட்டும். சவர அலகு போல் மெல்லியதாக்கினால் வைர மரத்தில் உடையும்.

அரம் போட்ட பின் சாணைக்கல்லில் மெருகேற்றுங்கள். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடிவளையம் உதவும். சீவல் தொழிலாளர்கள் பலகையில் வெண்கற்றூள் தூவிப் பாளைக்கத்தி தீட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த முறையும் நல்லது. விரற் பருமனான பச்சை நாயுண்ணித் தண்டு ஒரே வெட்டில் நசுங்காமல் விழுந்தால் கத்தி கூராக இருக்கிறது.

வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசுங்கள். பிளந்த பனைமட்டையில் அல்லது பழைய ரயர் ரியூப்பில் உறை செய்யுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

8. வெட்டும் முன்

முதல் வெட்டுக்கு முன் ஒரு கேள்வி: இந்த நிலம் மிதிவெடி அகற்றப்பட்ட நிலமா? இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது. ஆனால் வடக்கில் துப்புரவாக்கப்படாத இடங்கள் எஞ்சியுள்ளன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்புத் தலைக் குற்றிகள் கண்டால் உள்ளே கால் வைக்காதீர்கள். பலகை இல்லை என்பதற்காக நிலம் பாதுகாப்பானது என்று எண்ணாதீர்கள். கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஐயமுள்ள பற்றையை வெட்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஐயமான பொருளைக் கண்டால் தொடாமல் நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, அறிவியுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: இது யாருடைய நிலம்? ஆளில்லாது காடு பற்றிய காணிகள் சில வன எல்லைக்குள் சேர்க்கப்பட்டுள்ளன. எல்லைக்கல் கண்டால், வெட்டிய பின் வழக்காடுவதை விட, உறுதியோடும் அனுமதிப் பத்திரத்தோடும் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போவது மேல். பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

பிறகு வெட்டுங்கள். இடது கையில் கவைத்தடி இருக்கட்டும். அதனால் முள்ளை ஒதுக்குங்கள், பற்றையைத் தட்டுங்கள். பாம்பு இருந்தால் விலக இடம் கொடுங்கள். பற்றைக்குள் வெறுங்கை விட வேண்டாம். உங்கள் கையும் கத்தியும் சேர்ந்த நீளத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கக்கூடாது. அடித்தூரை வெட்டும்போது ஒரு முழங்காலில் இருங்கள். தவறும் வெட்டு காலில் படாமல் மண்ணில் படும். தூரை ஈட்டி போல் கூராக விடாமல் நிலமட்டத்தில் தட்டையாக வெட்டுங்கள். நாளை அந்த வழியில் உங்கள் பிள்ளை வெறுங்காலோடு ஓடும்.

வெட்டுக் காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, அந்த உறுப்பை உயர்த்துங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண் எதுவும் அப்ப வேண்டாம். ஆழமான காயமென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்புவலி ஊசி பற்றிக் கேளுங்கள்.

முடிவாக

மேலே சொன்ன கிராமத்தில் அடுத்த பருவத்துக்கு நாம் வேறு வழியில் போனோம். கொல்லர் மூன்று அளவில் கத்தி அடித்துத் தந்தார். பெண்கள் ஒவ்வொருவரும் எடுத்து, பிடித்து, வெட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தெரிவு செய்தது நடு அளவு. ஒவ்வொரு கத்தியோடும் ஓர் அரம் கொடுத்தோம். செலவு முன்னதை விடக் கூடியது. ஆனால் அந்தத் தாயின் கத்தி பிறகு வளையில் தொங்கவில்லை. அவருடைய வேலிக் கதியால்கள் அவர் கையால் வெட்டப்பட்டவை. பையனின் காலில் இருக்கும் தழும்பு மட்டும் மாறவில்லை. அது நம் கணக்கில் இருக்கிறது.

இனி எவரும் ஐந்து நிமிடத்தில் வீட்டை விட்டு இறங்கும் நாள் வரக்கூடாது. வந்தால், கூரையில் செருகியிருப்பது நம்பக்கூடிய கத்தியாக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கத்தியை உறையிட்டுக் கொண்டு வரட்டும். நடுவில் ஓர் அரமும் ஒரு கல்லும் இருக்கட்டும்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயர்ந்தபோது உங்கள் குடும்பம் கொண்டுவந்த வெட்டுக் கருவி எது? எது இல்லாமல் அதிகம் வருந்தினீர்கள்?

2. உங்கள் வீட்டில் அதிகம் வெட்டுபவர் யார்? இப்போதிருக்கும் கத்தி அவர் கைக்கு ஏற்றதா? ஐம்பது எண்ணிப் பாருங்கள்.

3. உங்கள் ஊரில் கத்தி அடிக்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா? அவரிடம் தொழில் கற்க இளைஞர் எவரும் முன்வருவாரா?

4. கொண்டுவந்த கத்திகளின் பிடியை உலுக்கிப் பாருங்கள். எத்தனை ஆடுகின்றன? இன்றே எத்தனைக்கு ஆப்பு இறுக்கலாம்?

5. நிறுவனங்கள் கருவி வழங்க வரும்போது, வாங்கும் முன் எங்களைக் கேளுங்கள் என்று சொல்ல உங்கள் சங்கம் என்ன செய்யலாம்?